புழு கடித்த இலை யாரைக் கூப்பிடுகிறது?

பயிரைத் தின்னும் புழுவிலோ அதன் முட்டையிலோ தன் முட்டையை வைத்து அதை அழிப்பவை ஒட்டுண்ணிக் குளவிகள். அவற்றைப் பற்றி வேலூர்ப் பக்கத்து விவசாயிகள் கேட்டவையும், என் பதில்களும்.

இலவம்பாடி: ஐயா, எங்கள் முள் கத்தரியில் புழுத் தொல்லை. எறும்பைவிடச் சிறிய குளவிக்கு எந்தச் செடியில் புழு இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

மோப்பம்தான் தம்பி. ஆனால் தூரத்திலிருந்து அதை இழுப்பது புழுவின் வாடை இல்லை, செடியின் வாடை. புல் அறுக்கும்போது பச்சை வாடை வருமே, கடித்த உடனே அது கிளம்பும். சில மணி நேரத்தில் செடி வேறு மணங்களையும் விடும், கடிபடாத இலையிலிருந்தும்கூட! அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு குளவி காற்றை எதிர்த்து வரும். கிட்டே வந்ததும் புழுவின் எச்சம் வழி காட்டும். அப்புறம் உணர்கொம்பால் தட்டித் தட்டித் தேடும். ஒருமுறை புழு கிடைத்த மணத்தை நினைவில் வைத்து, அடுத்த முறை அதையே தேடிப் போகும். காய்க்குள் புகுந்த புழு குளவிக்கு எட்டுவது கஷ்டம். அதனால் புழு குடைந்து நுனித்தண்டு வாடியதுமே கிள்ளி அழித்துவிடுங்கள்.

குடியாத்தம்: கத்தியால் வெட்டினாலும் வாடை வருமே, குளவி ஏமாறாதா?

நல்ல கேள்வி அம்மா. வெட்டினால் பச்சை வாடை கொஞ்ச நேரம் வந்து அடங்கிவிடும். புழுவின் எச்சில் பட்டால்தான் செடி முழு மணத்தையும் விடும். அமெரிக்காவில் மக்காச்சோள இலையைக் கீறி, அதில் புழுவின் எச்சிலைத் தடவிப் பார்த்தார்கள். புழு கடித்தது போலவே மணம் வந்தது. எச்சிலில் இருந்த அந்தப் பொருளை 1997இல் பிரித்தெடுத்து வாலிசிட்டின் என்று பெயர் வைத்தார்கள். கடித்தவன் யார் என்று செடிக்குத் தெரிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

கே.வி.குப்பம்: கரும்பில் தண்டைத் துளைக்கும் இடைக்கணுப்புழுவுக்கு டிரைக்கோகிராமா அட்டை கட்டினேன், பூச்சி முட்டைக்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவியோடு வரும் அட்டை அது. முட்டை இலையைக் கடிக்காதே, பிறகு எப்படிக் கண்டுபிடிக்கும்? குளவியும் கண்ணில் படவில்லை.

அது அரை மில்லிமீட்டர்தான் அண்ணா, கண்ணில் படாது. தாய் அந்துப்பூச்சி முட்டையிடும்போது இறக்கையிலிருந்து செதில் உதிரும். அந்த வாடை பட்டதும் குளவி அங்கேயே சுற்றிச் சுற்றித் தேடும். முட்டை கிடைத்தால் மேலே ஏறி, உணர்கொம்பால் அளந்து பார்த்து, உள்ளே தன் முட்டையை வைக்கும். மூன்று நான்கு நாளில் அந்த முட்டை கறுத்துவிடும். லென்ஸ் எடுத்துக்கொண்டு தோகையைத் திருப்பிப் பாருங்கள். கறுத்த முட்டையில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தால், புதுக் குளவி வெளியே போய்விட்டது என்று அர்த்தம். நான் முதன்முதலில் அதைப் பார்த்த அன்று, வரப்பிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பேர்ணாம்பட்டு: பிள்ளைகளைக் கொட்டுமா?

கொட்டாது. பயமே வேண்டாம்.

ஒடுகத்தூர்: அட்டை கட்டிய மூன்றாம் நாள் மருந்து அடித்துவிட்டேன். பரவாயில்லையா?

அந்த அட்டை வீண்தான் ஐயா, வருத்தமாக இருக்கிறது. செடி கூப்பிட்டு வருகிற குளவியையும் அதே மருந்து கொன்றுவிடும். அடுத்த அட்டையை வெயில் தாழ்ந்த பிறகு தோகைக்கு அடியில் பின் அடியுங்கள். வரப்பில் காராமணி போடுங்கள். அதன் காம்பில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்களே, அங்கே தேன் சுரக்கிறது. குளவிக்கும் அதுதான் சாப்பாடு.