பட்டறையா, ஐடிஐயா?

தம்பி, பிளஸ் டூ முடித்து ஆறு மாதமாக வண்டி ரிப்பேர் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதோடு நிற்கிறது, ஐடிஐ சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேருங்கள். டீசல் மெக்கானிக் 1 வருடம், மோட்டார் வாகன மெக்கானிக் 2 வருடம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அப்புறம் அப்ரண்டிஸாகப் போனால் மாத உதவித்தொகையும் உண்டு.

பட்டறையையும் விட்டுவிடாதீர்கள், ஞாயிறு மட்டும் போனாலும் சரி. இன்ஜின் சத்தத்துக்குக் காது பழகுவது அங்கேதான்.

முதல் சம்பளத்தில் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் வாங்குங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு சென்சார், வயரிங் வேலை கூடிவிட்டது. வண்டியில் மாட்டிப் பார்க்கும் ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீட்டைப் பார்த்ததும் பார்ட்டை மாற்றிவிடாதீர்கள். நான் அப்படித்தான் நல்ல ஆக்சிஜன் சென்சார் ஒன்றைக் கழற்றி எறிந்தேன். கடைசியில் பார்த்தால் வயரை எலி கடித்திருந்தது.