மாமியாரின் சொல்லும் அந்துருண்டைச் சட்டையும்

ஆமாம், நீங்கள் கடிதத்தில் கேட்டபடி, மகனுக்கு ஜி6பிடி குறை, அதாவது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு என்சைமின் குறைவு, உங்கள் வழியாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் இதில் உங்கள் தப்பு என்று எதுவுமே இல்லை. முடி கொட்டுவது, மலம் பச்சையாகப் போவது என்று பட்டர்வொர்த்திலிருந்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். "எங்கள் பரம்பரையிலேயே இல்லாத நோய்" என்று மாமியார் சொன்ன ஒரு வரிதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று புரிகிறது.

ஆண் பிள்ளைக்கு எக்ஸ் குரோமோசோம் அம்மாவிடமிருந்துதான் வரும். அப்பா கொடுப்பது ஒய். ஜி6பிடி என்சைமுக்கான மரபணு எக்ஸில் இருக்கிறது. உங்களுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் குறை இருந்தும் மற்றது ஈடுகட்டியதால் இத்தனை வருடம் தெரியவில்லை. உங்கள் அம்மாவுக்கும் பாட்டிக்கும்கூடத் தெரிந்திருக்காது. மலேசியாவில் பிறந்ததுமே தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதிப்பதால் மகனுக்குத் தெரிந்தது. மலேரியா ஆட்டிப்படைத்த ஊர்களில்தான் இந்த மரபணு அதிகம். கடுமையான மலேரியாவிலிருந்து அது ஓரளவு காப்பாற்றியது. அடுத்ததும் ஆணாக இருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்கள் மகனிடமிருந்து அவனுடைய மகன்களுக்குப் போகாது, மகள்கள் எல்லோருக்கும் போகும். இதையெல்லாம் மாமியாரிடம் உங்கள் கணவரே உட்கார்ந்து சொல்லட்டும்.

முடி மறுபடி முளைக்கும். பச்சை மலம் சாதாரணம். தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். இணையத்தில் யாரோ போட்ட பட்டியலைப் பார்த்துப் பருப்பு, பயறு, கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டீர்களாம். பால் கொடுக்கிற தாய் இப்படி வயிற்றைக் காயப்போடலாமா? நீங்கள் விலக்க வேண்டியது ஃபாவா பீன்ஸ், அதாவது மலாயில் கச்சாங் பாராங். சாம்பாரைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். "ரத்தம் ஊற" என்று கடையில் வாங்கிய மூலிகைப் பொடியை இன்றே தூக்கி எறியுங்கள். குழந்தைக்கு மருதாணியும் வைக்கக் கூடாது.

எனக்குப் பயம் தருவது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விஷயம்: நாத்தனார் பிள்ளையின் பழைய சட்டைகள், அந்துருண்டை போட்டு அலமாரியில் வைத்திருந்தவை. உருண்டையில் உள்ள நாப்தலீன் இந்தக் குறையுள்ள பிள்ளைகளின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். துணியில் தங்கிய வாடையே போதும். அந்தச் சட்டைகளும் உருண்டைகளும் வீட்டிலேயே இருக்கக் கூடாது.

ஒருமுறை ஒரு பாட்டி, இதே குறையுள்ள பேரனின் பெம்பர்ஸைப் பையில் கட்டிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். பிரித்தால், கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத கறுப்புக் காப்பி, கொட்டியது போலச் சிறுநீர்க் கறை. குழந்தையின் உள்ளங்கை காகிதமாக வெளுத்திருந்தது. அன்று மாலையே ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. பாட்டி அதை எறியாமல் எடுத்து வந்ததால் எங்களுக்கு நேரம் மிச்சமானது.

நீங்களும் அந்த நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். சிறுநீர் கோப்பி ஓ போலக் கறுத்தால், அல்லது குழந்தை வெளுத்து, கண் மஞ்சளாகி, பால் குடிக்காமல் துவண்டால், நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சாதாரண சளிக்குக் கிளினிக் போனாலும், மருந்து எழுதும் முன்பே ஜி6பிடி என்று சொல்லிவிடுங்கள்.