திரைமேசை: ‘12 ஆங்ரி மென்’ திரையிடப் போகிறவர்களுக்கு

கே: ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல 12 ஜூரர்கள் (தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள்) ஓர் அறையில் கூடி வாதிடும் ‘12 ஆங்ரி மென்’ படத்தை எங்கள் பிலிம் சொசைட்டி சார்பில் தியேட்டரில் போட நினைக்கிறோம். ப்ளூ-ரே கைவசம் இருக்கிறது, டிக்கெட்டும் கிடையாது. பிறகென்ன தடை?

ப: அந்த டிஸ்க் வீட்டில் பார்க்க மட்டும்தான். இலவசமாகப் போட்டாலும் உரிமைதாரரிடம் பொதுத் திரையிடலுக்கு அனுமதி வாங்குங்கள். கையோடு டிசிபியும் (தியேட்டர் சர்வரில் ஓடும் டிஜிட்டல் படக் கோப்பு) கேளுங்கள். பூட்டிய டிசிபி என்றால் அதைத் திறக்கும் கேடிஎம் சாவி, குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டுமே செல்லும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். காட்சி நேரத்துக்கு மட்டும் சாவி வாங்கிவிட்டு ஒத்திகை பார்க்க முடியாமல் நிற்பார்கள். முந்தின நாளிலிருந்தே திறக்கும்படி கேளுங்கள். தியேட்டர்காரர் இடையில் சர்வரை மாற்றியிருந்தால் பழைய சாவி உதவாது.

கே: இதே படத்தை ஒரு தியேட்டரில் பார்த்தபோது தலைகள் வெட்டுப்பட்டுத் தெரிந்தன. பிரிண்ட் கோளாறா?

ப: இருக்காது. படத்தின் அகல-உயர விகிதம் 1.66:1. தியேட்டர்களில் வழக்கமாக இருப்பது 1.85-உம், அதைவிட அகலமான ஸ்கோப்பும். 1.66 படத்தை 1.85-இல் திணித்தால் உயரத்தில் ஏறத்தாழ 10 சதவீதம் போய்விடும். வேறு படமென்றால் பொறுத்துக்கொள்ளலாம், இதில் முடியாது. இயக்குநர் சிட்னி லூமெட் முதல் மூன்றிலொரு பங்கைக் கண்மட்டத்துக்கு மேலிருந்தும், அடுத்ததைக் கண்மட்டத்திலும், கடைசியைக் கீழிருந்தும் எடுத்தார். போகப்போக லென்ஸின் குவியத்தூரமும் (ஃபோகல் லென்த்) கூடுகிறது. இதனால் சுவர்கள் நெருங்குவதுபோல் தோன்றி, கடைசியில் கூரையும் தலைமேல் இறங்கிவிடும். மகன் மேலுள்ள கோபத்தைக் குற்றம் சாட்டப்பட்ட பையன் மேல் காட்டிய 3ஆம் ஜூரர் (லீ ஜே. காப்), மகனின் போட்டோவைக் கிழித்துவிட்டு உடைந்து அழுவது அந்த நெருக்கத்தில்தான். மேலே வெட்டினால் போவது அந்தக் கூரை.

டிசிபியில் 1998x1080 சட்டகத்துக்குள் படம் சுமார் 1793 பிக்ஸல் அகலம்தான். இருபுறமும் கறுப்பு இருக்கும். “திரை நிறையட்டும்” என்று ஆபரேட்டர் ஜூம் செய்யாமல் பார்த்துக்கொண்டு, பக்க மாஸ்கிங்கை (திரையோரக் கறுப்புத் துணி) உள்ளே இழுங்கள். 35 எம்எம் பிலிம் பிரிண்ட் என்றால் 1.66 பிளேட் (புரொஜெக்டரில் படத்தின் ஓரங்களை மறைக்கும் தகடு) மட்டும் போதாது. 1.85 லென்ஸையே வைத்தால் படம் திரைக்கு மேலும் கீழும் வழியும். அதைவிடச் சுமார் 11 சதவீதம் குவியத்தூரம் கூடிய லென்ஸ் தேவை.

கே: பழைய படங்களில் வசனம் கரகரக்கிறதே?

ப: 35 எம்எம் பிரிண்டில் இது சகஜம். ஒற்றைத் தட ஒலியை ஸ்டீரியோ அமைப்பில் ஓட்டினால் இரைச்சல் பக்க ஸ்பீக்கர்களுக்கும் போகும். தியேட்டரின் ஒலியைக் கையாளும் டால்பி பிராசசரில் 01 (மோனோ) அமைப்பைப் போடுங்கள். ஒலி நடு ஸ்பீக்கரில் மட்டும் வரட்டும். குரல் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவதற்கு முன் ஏசி இரைச்சலைக் கவனியுங்கள். 10ஆம் ஜூரர் சேரிப் பையன்களைப் பற்றி வெறுப்பைக் கொட்டும்போது மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முதுகு காட்டுவார்கள். நாற்காலி நகரும் ஓசைகூடக் கேட்க வேண்டிய இடம் அது.

கே: இடைவேளை எங்கே விடலாம்?

ப: விடாதீர்கள். 96 நிமிடப் படம். கதையும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் நடக்கிறது. கேன்டீன் வியாபாரம் கெடும் என்று தியேட்டர்காரர் முறைத்தால், அரை மணி முன்பே கதவைத் திறக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில், 12 பேரும் ஒருமனதாகச் சொன்னால்தான் தீர்ப்பு, ‘குற்றவாளி’ என்றால் மரண தண்டனை கட்டாயம் என்ற இரண்டு விஷயத்தையும் ஒரு துண்டுத்தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். முதல் வாக்கெடுப்பு 11-1 என்பதை மட்டும் எழுதாதீர்கள்.