அடகு வைத்த ஊர், விற்ற நாடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தரங்கம்பாடி பற்றி எழுதியபோது, ‘அதே டென்மார்க் மன்னர்தான் ஜெர்மனியின் லாவன்பர்க்குக்கும் டியூக்’ என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன், தலை சுற்றுகிறது. அறுபது சொச்ச ஆண்டுகளில் பிரிட்டிஷ் மன்னர், நெப்போலியன், டென்மார்க், பிரஷ்யா என்று கைமாறியிருக்கிறது. அங்கிருந்த ஜனங்கள் இதை எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள்?

க.

அன்புள்ள க.,

ஹாம்பர்க்குக்குக் கிழக்கே, எல்பே ஆற்றை ஒட்டிய சிற்றரசு அது. குழப்பம் 1689-லேயே ஆரம்பித்துவிட்டது. டியூக் ஜூலியஸ் ஃபிரான்ஸ் ஆண் வாரிசில்லாமல் இறந்தார். மூத்த மகள் அன்னா மரியாவிடம் உரிமை இருந்தது, செல்லே என்ற இன்னொரு ஜெர்மன் சிற்றரசின் டியூக் ஜார்ஜ் வில்ஹெல்மிடம் படை இருந்தது. எது ஜெயித்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? அவர் ராட்ஸபர்க்கில் கோட்டையைப் பலப்படுத்தினார். பொறுக்காத டென்மார்க் 1693-ல் குண்டு வீசி ஊரையே அழித்தது. ஏரித்தீவில் இருக்கும் அந்த ஊரின் தெருக்கள் இன்றும் கணக்கு நோட்டுக் கட்டம் மாதிரி நேராக ஓடுகின்றன. இடிந்த பிறகு புதிதாக அளந்து கட்டியவை.

ஜார்ஜ் வில்ஹெல்முக்கு அப்புறம் நாடு அவருடைய தம்பி மகனுக்குப் போனது. 1714-ல் அவரே இங்கிலாந்துக்கும் ராஜா. 1815-ல் அந்த ராஜ வம்சத்தின் ஜெர்மன் நாடான ஹனோவர் லாவன்பர்க்கைப் பிரஷ்யாவுக்குக் கொடுக்க, பிரஷ்யா அதை டென்மார்க்கிடம் தள்ளிவிட்டு, ஸ்வீடனிடம் இருந்த பொமரேனியப் பகுதியை வாங்கிக்கொண்டது. நார்வேயைப் பறிகொடுத்த டென்மார்க்குக்குக் கடைசியில் மிஞ்சியது இதுதான். 1845-ல் அது தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது. 1864-ல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து தொடுத்த போரில் லாவன்பர்க்கும் அவர்கள் கைக்குப் போனது. மறு ஆண்டே ஆஸ்திரியா தன் பங்கை 25 லட்சம் டேனிஷ் தாலருக்குப் பிரஷ்யாவிடம் விற்றுவிட்டது.

சரி, ஜனங்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. பேரம் பேசத் தெரிந்தவர்கள் பண்ணையார்களும் நகரத்துப் பெரியவர்களும்தான். 1585-லேயே ஒன்றுகூடி ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். படையோடு வந்த ஜார்ஜ் வில்ஹெல்மே 1702-ல் அவர்களுடைய பழைய உரிமைகளை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. உழவனுக்குத் தெரிந்த அரசு பண்ணை வீடு. அங்கே ஆள் மாறவில்லை. கைமாறுவதும் அந்த மண்ணுக்குப் புதிதில்லை. மோல்ன் என்ற ஊரை 1359-ல் லூபெக் நகரத்திடம் அடகு வைத்து, 1683-ல்தான் மீட்டார்கள். நகையைக்கூட யாரும் அவ்வளவு காலம் விட்டுவைக்க மாட்டார்கள்! 1398-ல் திறந்த ஸ்டெக்னிட்ஸ் கால்வாயில் லூனபர்க் உப்பு படகு படகாக அந்த ஊரைத் தாண்டி லூபெக்குக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

1876-ல் லாவன்பர்க் பிரஷ்யாவோடு முழுசாகக் கரைந்தது. 1890-ல் ஜெர்மன் சான்சலர் பதவி பறிபோன பிஸ்மார்க்குக்கு ‘லாவன்பர்க் டியூக்’ பட்டத்தைக் கொடுத்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. இன்று அது ஒரு மாவட்டம். டியூக் யாரும் இல்லை, ஆனால் கலெக்டர் ஆபீஸ் கடிதத்தாளில் அச்சிடும் பெயர் இன்னமும் ‘ஹெர்ட்ஸோக்டூம் லாவன்பர்க்’, அதாவது லாவன்பர்க் டியூக் நாடு.