போன மே மாதக் கடன் தீருமுன் அடுத்த மே வந்துவிடுகிறது

கேள்வி: நானும் கணவரும் தாம்பரம் அருகே வாடகை வீட்டில் வசிக்கிறோம். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வரும் சம்பளம் 92,000 ரூபாய். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. கணவரின் ஊர் சங்கரன்கோவில் பக்கம்; என் பெற்றோர் மன்னார்குடியில் இருக்கிறார்கள். கோடை விடுமுறை, தீபாவளி, பொங்கல் என்று வருடத்துக்கு மூன்று முறை ஊருக்குப் போகிறோம். இந்த மே மாதம் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. அதை முடித்துக்கொண்டு மாமனார், மாமியார், கொழுந்தனார் குடும்பம் என 11 பேரும் கொடைக்கானல் போகலாம் என்று பேச்சு. தாய்மாமன் சீர் செய்யாமல் போக முடியாது; அதற்கு 45,000. எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய் ஆகும். கிரெடிட் கார்டில் ஏற்கெனவே மூன்று தவணைகள் ஓடுகின்றன. வங்கி ஒன்று 2,50,000 ரூபாய் தனிநபர் கடன் தருவதாகத் தினமும் அழைக்கிறது. வட்டி 14 சதவீதம், 3 ஆண்டு. அதை வாங்கிக் கார்டுக் கடனை அடைத்துவிட்டு ஊருக்கும் போய் வரலாமா? தெரிந்த முகவர் ஒருவர் குழந்தைகள் பெயரில் மாதம் 5,000 ரூபாய்க்கு யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த திட்டம்) எடுக்கச் சொல்கிறார். அதற்குப் பணம் மிஞ்சவே மாட்டேன் என்கிறது. கணவருக்கு இந்த மாதம் 40,000 ரூபாய் போனஸ் வரும். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்தத் தனிநபர் கடனை வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் இணைத்து அனுப்பியிருந்த கார்டு அறிக்கைகளைப் பார்ப்போம். கடிதத்தில் நீங்கள் எழுதாததை அவை சொல்லிவிட்டன.

போன மே மாதப் பயணத்துக்கு 84,000 ரூபாய், 12 தவணை. தீபாவளிக்கு 46,000 ரூபாய், 9 தவணை. பொங்கலுக்கு 38,000 ரூபாய், 6 தவணை. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, இப்போது மாதம் 19,790 ரூபாய் போகிறது. வாடகையைவிட இது அதிகம். ஓர் ஆண்டில் ஊருக்குப் போய்வர நீங்கள் செலவழித்தது 1,68,000 ரூபாய். அதற்கு வட்டி, வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., தவணையாக மாற்றித்தர ஒரு கட்டணம் என்று ஏறத்தாழ 17,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். தாத்தா பாட்டியைப் பார்க்க இரண்டு முறை குடும்பத்தோடு ரயிலில் போய்வரும் பணம் அது.

ஊருக்குப் போவதைக் குறையுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஏழு வயதுப் பெண்ணும் நாலு வயதுப் பையனும் தாத்தாவின் தோளில் ஏறும் வருடங்கள் இவைதான். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. பொங்கல் ஒவ்வொரு வருடமும் தை முதல் நாள் வருகிறது. தீபாவளித் தேதி நாட்காட்டி கைக்கு வரும்போதே தெரிந்துவிடுகிறது. பள்ளிக்கு மே மாதம் விடுமுறை என்பது நீங்கள் பள்ளியில் படித்த காலத்திலிருந்து தெரிந்த விஷயம். இப்படித் தேதி தெரிந்த செலவுக்கு, திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்த்ததுபோல் ஒவ்வொரு முறையும் கடன் வாங்குகிறீர்கள். உங்கள் குடும்பக் கணக்கில் நான் பார்க்கும் பழுது இது ஒன்றுதான். வாடகை, பள்ளிக் கட்டணம், மாமனாருக்கு அனுப்பும் 5,000 எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அவற்றில் கை வைக்க வேண்டாம்.

இப்போது வங்கியின் அழைப்புக்கு வருவோம். கார்டில் நீங்கள் இன்று கொடுக்க வேண்டியது எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 85,000 ரூபாய். பயணத்துக்கு 1,20,000. இரண்டும் சேர்ந்தால் 2,05,000. ஆனால் வங்கி தரத் துடிப்பது 2,50,000. அந்த மீதி 45,000 ரூபாய் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். மாதத் தவணை 19,790-லிருந்து ஏறத்தாழ 8,550 ரூபாயாகக் குறையும். மூச்சு விட்டதுபோல இருக்கும். ஆபத்தும் அங்கேதான். அந்த 8,550 ரூபாயை 36 மாதம் கட்டினால் மொத்தம் 3,07,000 ரூபாய்க்கு மேல். வட்டி மட்டும் 57,000-ஐத் தாண்டும். கடன் முடியும்போது உங்கள் மகளுக்குப் பத்து வயது. அதற்குள் மூன்று தீபாவளி, மூன்று பொங்கல் வந்து போயிருக்கும். காலியான கார்டு கைப்பையில் இருக்கும்போது அவற்றுக்குக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பீர்களா? இத்தனை காலம் இருக்கவில்லையே.

பயண இணையதளங்களில் 'இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்' என்று வருகிற வசதிகளும் இதே வகைதான். வட்டியில்லாத் தவணை என்று போட்டிருந்தாலும் நம்பி இறங்காதீர்கள். வட்டி பெரும்பாலும் தராத தள்ளுபடியில் ஒளிந்திருக்கும்.

போனஸ் 40,000 வந்த அன்றே ஒரு வேலை செய்யுங்கள். பிப்ரவரியில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி, 18,000 ரூபாயை அப்படியே விட்டிருக்கிறீர்கள். அதன் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம், ஆண்டுக்கு 42. ஜி.எஸ்.டி.யோடு மாதம் 740 ரூபாய்க்கு மேல், ஒரு நாளைக்கு 25 ரூபாய். அதோடு, பாக்கி இருக்கும்வரை கார்டில் புதிதாக வாங்கும் மளிகைக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். இந்த 18,000-ஐ முதலில் முழுவதும் கட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மூன்று தவணைகளையும் முன்கூட்டி அடைக்கத் துடிக்க வேண்டாம். மே மாதத்தோடு ஒன்று, ஜூலையோடு ஒன்று, ஆகஸ்டோடு ஒன்று என்று அவை தாமாகவே முடிகின்றன. நான்காவதைத் தொடங்காமல் இருந்தால் போதும்.

மீதி 22,000 ரூபாய்தான் இந்த மே மாதப் பயணம். போதுமா என்றால், போதும். சங்கரன்கோவிலுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, தாம்பரத்திலேயே ஏறலாம். ஐந்து வயது ஆகாத மகனுக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை டிக்கெட் வேண்டாம். மகளுக்குப் படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம். மூன்றாம் வகுப்பு ஏ.சி.யில் மூன்று பேர் போய்வர ஏறத்தாழ 6,300 ரூபாய். படுக்கை வசதிப் பெட்டி என்றால் அதில் பாதிகூட ஆகாது. போன தீபாவளிக்கு ஆம்னி பஸ்ஸில் ஒரு சீட் 2,800 என்று நான்கு சீட், இரு வழியும் சேர்த்து 22,400 கொடுத்திருக்கிறீர்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்புதான் திறக்கிறது. அந்தக் காலை எட்டு மணியைத் தவறவிட்டதன் விலைதான் அது. மே மாத இறுதிக்கு இடம் கிடைக்காவிட்டால், வெள்ளி இரவை விட்டுவிட்டு வாரத்தின் நடுவில் ஒரு நாளைப் பாருங்கள்.

ஆட்டோவுக்கு 1,500, மாமனார் மாமியாருக்குத் துணி 3,000, போனதும் வீட்டுக்கு வாங்கிப் போடும் மளிகை 4,000, பழம், தின்பண்டம் 1,500 என்று வைத்தாலும் டிக்கெட்டோடு 16,300தான் ஆகிறது. கையில் 5,700 இருக்கும்.

காதுகுத்து எங்கே என்று கேட்பீர்கள். உங்கள் கணவர் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் அந்தக் குழந்தைக்குக் காது குத்தப் போகிறார்கள். சீர் செய்யாமல் போக முடியாது என்று நீங்கள் எழுதியதை நான் மறுக்கவில்லை. நம் வீடுகளில் அது வெறும் சடங்கு அல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் தாய்மாமன் வராமல் காதுகுத்து நடக்காது. எனவே, 'எனக்குத் தை மாதம்தான் தோதுப்படும்' என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் தங்கையிடம் அவரே பேச வேண்டும். நீங்கள் பேசினால் அது அண்ணியின் கஞ்சத்தனமாகிவிடும். சீருக்கு 45,000 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். தங்கம் இன்று விற்கும் விலையில், அரைப் பவுன் என்று வாயால் சொல்லிவிட்டுப் பிறகு கணக்குப் பார்க்கக் கூடாது. கையில் சேரும் தொகைக்கு எத்தனை கிராம் வருமோ அத்தனை கிராம். அந்தத் தொகையையும் கீழே சொல்கிறேன்.

கொடைக்கானல் இந்த வருடம் வேண்டாம். போன வருடம் 84,000 ஆனதில் பெரும்பகுதி உங்கள் நான்கு பேருக்கான செலவு அல்ல. வேன், தங்கும் விடுதி, 11 பேருக்கும் மூன்று வேளைச் சாப்பாடு, எல்லாம் உங்கள் கார்டிலேயே தேய்க்கப்பட்டிருக்கிறது. சென்னையில் இருவரும் வேலைக்குப் போகிறார்கள், அவர்களிடம் இருக்கும் என்று ஊரில் நினைப்பது இயல்பு. மூன்று தவணை ஓடுவது மாமனாருக்குத் தெரியுமா? தெரியாது என்றே உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். மகன் கடன் வாங்கித் தன்னை மலைக்குக் கூட்டிப்போகிறான் என்று தெரிந்தால் எந்த அப்பா வேனில் ஏறுவார்? உங்கள் கணவர் ஒரு மாலை அவரோடு தனியாக உட்கார்ந்து இந்தக் கணக்கைச் சொல்லட்டும். இந்தப் பதிலில் கடினமான வேலை இதுதான். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள். குழந்தைகளுக்கு அருவியில் குளிக்க ஆசை என்றால், சங்கரன்கோவிலிலிருந்து குற்றாலம் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். மே மாதம் அருவி வறண்டிருக்கும்; தீபாவளி சமயத்தில் வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் தண்ணீர் வரும்.

இனி ஜூன் மாதத்திலிருந்து பார்ப்போம். முதல் தவணை முடிந்ததும் மாதம் 7,620 ரூபாய் விடுபடும். அதை அன்றே, ஏ.டி.எம். கார்டும் யு.பி.ஐ.யும் இணைக்காத தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். வட்டி எவ்வளவு என்று ஆராய வேண்டாம், பணம் கண்ணில் படாமல் இருந்தால் சரி. ஜூன், ஜூலையில் 15,240 சேரும். ஆகஸ்டில் பொங்கல் தவணையும் விடுபட, அந்த மாதம் 14,290. செப்டம்பர், அக்டோபரில் முழு 19,790. அக்டோபர் முடிவில் 69,000 ரூபாய் இருக்கும். போன தீபாவளிச் செலவு 46,000. அதே செலவை இந்த முறை ஒரு ரூபாய் கடன் இல்லாமல் செய்யலாம்.

ஆனால் அந்த 69,000-லிருந்து ஒன்றைக் கழிக்கச் சொல்வேன். உங்கள் கணவருக்குக் கால ஆயுள் காப்பீடு (டேர்ம் இன்சூரன்ஸ்) இல்லை. இரண்டு சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அவர் வயதுக்கு ஒரு கோடி ரூபாய்க் காப்பீடு மாதம் 1,300 ரூபாய் அளவில் கிடைக்கும். தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை. ஜூன் மாதமே எடுத்துவிடுங்கள். அது போக அக்டோபர் முடிவில் 62,000 நிற்கும். தீபாவளிக்கு 46,000 போனால் 16,000. நவம்பரிலிருந்து மாதம் 10,000 ரூபாய் ஊர்ச் செலவுக்கு என்று ஒதுக்கினால், பொங்கலுக்கு 36,000 தயார். அடுத்த மே மாதத்துக்கு 40,000. அந்த மூன்று தொகைக்குள் அடங்காத எதையும் அந்த வருடம் செய்யாதீர்கள்.

10,000 போக, காப்பீடும் போக, மாதம் 8,490 மிஞ்சும். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதம் சேர்த்தால் ஏறத்தாழ 25,000 ரூபாய். தாய்மாமன் சீர் அதுதான்.

இன்னொரு யோசனை. எல்லா முறையும் நீங்கள்தான் போக வேண்டும் என்றில்லை. பொங்கலுக்கோ அரையாண்டு விடுமுறைக்கோ மன்னார்குடியிலிருந்து உங்கள் பெற்றோரை மன்னை எக்ஸ்பிரஸில் வரச்சொல்லுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனாலும் இரண்டு டிக்கெட்தான், கீழ்ப் படுக்கைக்கு முன்னுரிமையும் உண்டு. அவர்கள் மூன்று வாரம் தங்கினால் குழந்தைகளுக்கும் நிறைவு, விடுமுறை வகுப்புக்குக் கட்டும் பணமும் மிச்சம்.

யூலிப் விண்ணப்பத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். ஐந்து ஆண்டுக்கு அந்தப் பணத்தைத் தொட முடியாது. நடுவில் பிரீமியம் நின்றாலும் கட்டிய பணம் ஐந்தாம் ஆண்டு முடியும்வரை அங்கேயே கிடக்கும். மூன்று தவணை கட்டித் திணறும் குடும்பத்திடம் இதை விற்க வருபவர், உங்கள் வரவு செலவைக் கேட்டுவிட்டு வந்தாரா என்று தெரியவில்லை. மகளுக்குப் பத்து வயது ஆகாததால் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். வட்டி தற்போது 8.2 சதவீதம். ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும். கை தாராளமாக இருக்கும் வருடம் அதிகம் கட்டலாம். பிப்ரவரியிலிருந்து மாதம் 4,000 அதில் போடுங்கள். மகனுக்குத் தபால் அலுவலகத்தில் பொன்மகன் பொது வைப்பு நிதிக் கணக்கில் 2,000. மீதியை அவசரத்துக்கு வையுங்கள்.

வங்கியிலிருந்து நாளையும் அழைப்பார்கள். 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள். உங்கள் கணவரின் தங்கைக்கு இன்றே பேச வேண்டும். பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டால் நான் எழுதிய கணக்கில் பாதி நிற்காது.