படம் முடிந்ததும் எழுந்து போகாதீர்கள்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு பழைய ஆபரேட்டரின் பதில்கள்

வெரைட்டி ஹால் ரோட்டில் இருந்த டிலைட்தான் தென்னிந்தியாவின் முதல் தியேட்டராமே, நிஜமா?
(கோவை வாசகர்)

இந்த 'முதல்' சண்டையில் நான் இறங்குவதில்லை. வார்விக் மேஜர் 1913-ல் சென்னையில் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் மவுண்ட் ரோடு தபால் அலுவலக வளாகத்துக்குள் இருக்கிறது. அடுத்த வருடம் ரகுபதி வெங்கையா அங்கேயே கெயிட்டி தியேட்டரைத் திறந்தார். அதே 1914-ல் நம் ஊரில் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹாலைத் திறந்தார். பிற்பாடு டிலைட் ஆனது அதுதான்.

எனக்கு முக்கியம் வேறு. வின்சென்ட் திருச்சி ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் கொஞ்சம் துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு, சம்பளத்தை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடிக்கக் கிளம்பியவர். பின்னால் யாரும் இல்லை, கம்பெனியும் இல்லை. இன்றைக்கு 'இண்டி', 'சுயாதீனம்' என்று பேசுகிறோமே, அந்த வரிசையில் எங்கள் ஊர்க்காரர்களில் நான் முதலில் வைப்பது அவரைத்தான். கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ரோட்டுக்குப் பெயர் வந்ததே அதனால்தான் என்பது அந்த வழியாகத் தினம் போகிற பலருக்குத் தெரியாது.

'கொட்டுக்காளி' மாதிரிப் படங்களை நேராக ஓடிடிக்கே கொடுத்துவிடலாமே? தியேட்டரில் போட்டு எதற்கு ஜனங்களைச் சோதிக்க வேண்டும்?
(பொள்ளாச்சி வாசகர்)

2024 ஆகஸ்டில் அந்தப் படம் வந்தபோது சினிமாக்காரர்களே இப்படிப் பேசினார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் சத்தம், சேவல், யாரோ தொண்டையைச் செருமுவது, இவைதான் இசை. இதை வீட்டில் போட்டால் மிக்ஸி ஓடும், போன் அடிக்கும், நீங்களே பத்து நொடி தள்ளிவிடுவீர்கள். தியேட்டரில் தள்ள முடியாது. அந்த முடியாமைதான் இந்தப் படங்களுக்கு வேண்டியது.

இன்னொன்று. 'கொட்டுக்காளி'யை இயக்கிய பி.எஸ்.வினோத்ராஜின் முதல் படம் 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் திரைவிழாவில் டைகர் விருது வாங்கியது. மேலூர்ப் பக்கத்து வெயில் ராட்டர்டாம் வரை போய் ஜெயித்தது. நம்மில் பெரும்பாலோர் அதை 2023-ல் ஓடிடியில், உள்ளங்கை அளவில் பார்த்தோம். 'நசீர்' படத்துக்கு நடந்தது இன்னும் விசேஷம். இயக்குநர் அருண் கார்த்திக் கோவைக்காரர். கதை, எழுத்தாளர் திலீப்குமாரின் 'ஒரு குமாஸ்தாவின் கதை'. நடப்பது கோவைத் தெருக்களில், ஒரு ஜவுளிக்கடை விற்பனையாளரின் ஒரே நாளில். 2020 ஊரடங்கில் ஓர் இணையத் திரைவிழாவுக்காக அதை யூடியூபில் விட்டபோது, டவுன்ஹாலுக்கு ரொம்பத் தள்ளி இல்லாத என் வீட்டில், மகளின் லேப்டாப்பில் பார்த்தேன். அதில் தெருவின் மதவெறுப்பு ஒலிபெருக்கிப் பேச்சு விடாமல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அதை ஐந்நூறு பேரோடு உட்கார்ந்து, இதே ஊரில் கேட்டால், வெளியே வந்து யாரும் சும்மா டீ குடித்துவிட்டுப் போய்விட மாட்டார்கள். பேசுவார்கள், சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைக்குத்தான் தியேட்டர் வேண்டும் என்கிறேன்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் ஊர்ப் பழைய தியேட்டரில் ஒரு சுயாதீனப் படம் போட்டு, இயக்குநரையும் கூப்பிட்டுப் பேச வைக்க ஆசைப்படுகிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?
(திருப்பூர் வாசகி)

தியேட்டர் முதலாளியிடமிருந்து ஆரம்பியுங்கள், இயக்குநரிடமிருந்து அல்ல. 'நல்ல சினிமா' என்று அவரிடம் பேசாதீர்கள். அவர் கணக்கு கரண்ட், ஏசி, ஆள் கூலி. ஞாயிறு காலைக் காட்சிக்கு மொத்த வாடகை என்ன என்று கேட்டு, பேரம் பேசி, முன்பணம் கொடுத்துவிடுங்கள். டிக்கெட் விற்பதானால் தியேட்டர் மூலமாகவே விற்கட்டும். வரித் தலைவலி உங்களுக்கு வேண்டாம்.

அப்புறம் தயாரிப்பாளரிடமிருந்து அனுமதிக் கடிதம், கூடவே சென்சார் சான்றிதழ். பொதுமக்களுக்குத் திரையிட 1952-ம் வருடத்துச் சட்டப்படி அது வேண்டும், முதலாளியும் முதலில் அதைத்தான் கேட்பார். 'விழாவுக்குப் போன படம்தானே' என்று சொல்லித் தப்ப முடியாது. விழாக்கள் அரசிடம் தனியாக விலக்கு வாங்குகின்றன.

படம் டிசிபியாக, அதாவது தியேட்டர் சர்வருக்கான டிஜிட்டல் பிரதியாக, ஹார்ட் டிஸ்கில் வரும். பூட்டியிருந்தால் கேடிஎம் என்கிற சாவி தனியாக மெயிலில் வரும். அது அந்த ஒரு சர்வரில், சொன்ன தேதி, சொன்ன நேரத்துக்குள் மட்டும்தான் திறக்கும். முந்தின இரவு கடைசிக் காட்சி முடிந்ததும் கேபினுக்குப் போய், பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். சாவியின் நேரத்தை அதற்கும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

ஆபரேட்டரைத் தனியாகப் பார்த்து இரண்டு விஷயம் சொல்லுங்கள். முதலாவது, படத்தின் அளவு. 'நசீர்' 4:3-ல், பழைய டிவி மாதிரி அகலம் குறைவாக எடுத்த படம். பழக்கதோஷத்தில் ஸ்கோப் என்கிற அகலத்திரை செட்டிங்கில் விட்டால் தலையும் காலும் போய்விடும். ஒரு தியேட்டரில் இப்படி ஒரு படத்தின் சப்டைட்டிலே தரைக்குக் கீழே போனதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் கறுப்பாக இருப்பது கோளாறு அல்ல என்று வாசலிலேயே ஒரு தாள் ஒட்டிவிடுங்கள், சீட்டி அடிக்க மாட்டார்கள். இரண்டாவது, இடைவேளை. விடாதே என்று சொல்லாவிட்டால் நம் ஆபரேட்டர் கை தானாக நிறுத்திவிடும். நானும் அந்த வேலை பார்த்தவன்தான், ஆகவே சொல்கிறேன். ஆனால் இடைவேளை போனால் கேன்டீன்காரர் வயிற்றில் அடித்ததாகும். படம் முடிந்து பேச்சுக்கு முன்னால் கால் மணி நேரம் டீ, பஜ்ஜி என்று அறிவியுங்கள். அவரும் திட்ட மாட்டார், வந்தவர்களும் ஓட மாட்டார்கள்.

பேச்சு நடத்துவது பற்றி: சால்வை வேண்டாம். வரவேற்புரை வேண்டாம். மேடையில் நாலு நாற்காலி போட்டு ஊர்ப் பெரிய மனிதர்களை ஏற்றினீர்கள் என்றால் இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் மணி இரண்டாகிவிடும், அடுத்த காட்சிக்குக் கூட்டம் கேட்டைத் தட்டும். திரைக்கு முன்னால் ஒரு ஸ்டூல், ஒரு மைக், கூட்டத்துக்குள் ஓட இன்னொரு மைக். இரண்டாவது மைக்கை வெட்கப்படாத, அதே சமயம் இரக்கம் பார்க்காத ஒரு பெண்ணிடம் கொடுங்கள். 'எனக்குக் கேள்வி இல்லை, ஒரு கருத்து மட்டும்' என்று எழுந்திருப்பவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இயக்குநரிடம் கேட்கவே கூடாத கேள்வி?
(ஈரோடு வாசகர்)

'இந்தப் படம் மூலமா என்ன சொல்ல வர்றீங்க?' கேமரா எங்கே வைத்தீர்கள், அந்தப் பாட்டியை எங்கே பிடித்தீர்கள், அந்த ஆட்டோவில் எத்தனை பேர் உட்கார்ந்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்ல வந்தது அதற்குள்ளேயே வந்துவிடும்.

பெரிய நடிகர் பணம் போட்டால் அது எப்படி சுயாதீனப் படம்?
(மதுரை வாசகர்)

நியாயமான சந்தேகம். 'கொட்டுக்காளி'க்கு சிவகார்த்திகேயன், 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கு விஜய் சேதுபதி. இன்னொரு பக்கம் ஜான் ஆபிரகாம் இருக்கிறார், நமக்குத் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை'யைக் கொடுத்த மலையாளி. 1986-ல் வந்த அவருடைய 'அம்ம அறியான்' எடுக்க, அவர் நண்பர்களோடு தொடங்கிய ஒடேஸா குழு கேரளத்து ஜனங்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு திரட்டியது.

நான் பார்ப்பது பணம் யாருடையது என்பதை அல்ல. கடைசி எடிட்டில் 'இந்த இடத்தில் ஒரு பாட்டு வை', 'முடிவை மாற்று' என்று யாராவது சொன்னார்களா, சொன்னால் நடந்ததா என்பதைத்தான். 'கொட்டுக்காளி'யின் முடிவைப் பார்த்து முனகியவர்கள் அதிகம். அப்படியே விட்டிருக்கிறார்கள் இல்லையா? அப்புறம் என்ன.

படம் பிடிக்காமல் பாதியில் எழுந்து போனேன். இயக்குநர் வாசலிலேயே நின்றிருந்தார். சங்கடமாகிவிட்டது. செய்தது தப்பா?
(ஊட்டி வாசகி)

தப்பே இல்லை. விழாக்களில் இதெல்லாம் இயக்குநர்களுக்குப் பழக்கம். ஆனால் படம் முடிந்ததும் பேச்சுக்கு வந்து உட்கார்ந்து, 'இந்த இடத்தில் எழுந்தேன், இதனால் எழுந்தேன்' என்று சொல்லியிருந்தால், கைதட்டிய எல்லோரையும்விட அந்த இயக்குநருக்கு நீங்கள்தான் உபயோகம். அடுத்த தடவை போங்க, ஒரு டீ சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வாங்க.