பெரிய களவாவில் சினை ஏன் அரிது?

கேள்வி: மன்னார் வளைகுடாவில் பிடிபடும் பெரிய களவா மீனில் சினையைப் பார்ப்பதே அரிதாக இருக்கிறதே, ஏன்?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: களவா பெண்ணாகத்தான் வாழ்வைத் தொடங்கும். ஆரஞ்சுப் புள்ளிக் களவா 25-30 செ.மீ. நீளத்தில் சினை பிடிக்கும். 55-75 செ.மீ. எட்டும்போது பல மீன்களின் சினைப்பை விந்தகமாக மாறி, அவை ஆணாகிவிடும். பெரியதை மட்டுமே குறிவைத்துப் பிடித்தால் ஆண் மீன் அருகி, இட்ட முட்டை கருவுறாமல் வீணாகும். இந்த ஆபத்தைப் பலர் உணர்வதில்லை.

முட்டை கடலில் மிதந்து, சுமார் ஒரு நாளில் பொரிக்கும். நீண்ட முதுகு முள்ளோடு குஞ்சுகள் சில வாரம் நீரோட்டத்தில் அலையும். பிறகு கழிமுகம், அலையாத்திக் காடு. வளர்ந்தபின் பவளப்பார். அங்கே இடுக்கில் அசையாமல் கிடந்து, நண்டோ சிறுமீனோ நெருங்கியதும் சட்டென வாய்திறந்து நீரோடு உறிஞ்சிவிடும்.

தூண்டிலில் சிறு களவா ஏறினால் விட்டுவிடுங்கள். ஆழத்திலிருந்து வேகமாக இழுத்தால் காற்றுப்பை உப்பி, இரைப்பை வாய்வழியே பிதுங்கும். அதைக் குத்தக் கூடாது. கீழ்த்தாடையில் எதிர்முள் இல்லாத கொக்கியை மாட்டி, எடையோடு ஆழத்துக்கு இறக்குங்கள். அழுத்தத்தில் காற்று சுருங்கும். அடியில் கயிற்றைச் சுண்டினால் கொக்கி கழன்று மீன் நீந்திப் போகும்.